‘கோர்ட்டே தப்பில்லைன்னு சொல்லிப்போட்டது’ என்று கணவர் சொல்வது சரியா?

கேள்வி: எனக்கு வயது 38. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவருக்கு போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்றில் பங்கு உண்டு. ஆண்டில் பெரும்பகுதி வண்டியோடு வடக்கே இருப்பார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால், பள்ளிபாளையத்தில் வேறொரு பெண்ணின் வீட்டில்தான் தங்குகிறார். அந்தப் பெண்ணின் கணவர் லாரி ஓட்டுநர். விவாகரத்து வாங்காமலே பல ஆண்டுகளாகப் பிரிந்திருக்கிறார். கேட்டால், “கோர்ட்டே தப்பில்லைன்னு சொல்லிப்போட்டது, நீ எங்க போனாலும் ஒண்ணும் நடக்காது” என்று செல்போனில் செய்தியை எடுத்துக் காட்டுகிறார். என் அண்ணனோ, “ரெண்டு பேர்த்தையும் அஞ்சு வருசம் உள்ள வெச்சுப்போடலாம்” என்கிறார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன், நியூயார்க்கிலேயே இது குற்றம் என்கிறான். காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாமனார் வீட்டில் ஒரு தொகையைக் கொடுத்து, பத்திரத்தில் எழுதி அத்துவிடலாம் என்று பேசுகிறார்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் செல்போனில் காட்டிய செய்தி உண்மையானது. அதற்கு அவர் சொல்லும் பொருள் தவறு. உங்கள் அண்ணன் சொல்லும் ஐந்து ஆண்டுச் சிறையும் ஒரு காலத்தில் சட்டத்தில் இருந்ததுதான். ஆனால் அது இருந்த காலத்திலும் உங்களுக்கு உதவியிருக்காது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 செப்டம்பர் 27 அன்று ஒருமனதாக ரத்து செய்தது. ஜோசப் ஷைன் வழக்கு என்று அதைச் சொல்வோம். திருமணம் கடந்த உறவுக்காக ஒருவரை இனிச் சிறைக்கு அனுப்ப முடியாது என்பதே அத்தீர்ப்பின் முடிவு. அதே தீர்ப்பில், அத்தகைய உறவு மண வாழ்க்கைக்கு இழைக்கும் தவறு என்றும், திருமணத்தை முறித்துக்கொள்வதற்கு அது தொடர்ந்து காரணமாக இருக்கும் என்றும் நீதிமன்றம் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அந்தப் பகுதி செல்போன் செய்தித் தலைப்பில் வரவில்லை போலும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தக் குற்றம் திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக மாற்றியமைத்துச் சேர்க்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் அரசு அதை ஏற்கவில்லை.

இனி அந்தப் பழைய பிரிவு என்ன சொன்னது என்று பாருங்கள். 1860ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, வேறொருவனின் மனைவி என்று தெரிந்தே, அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவளோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்தான் குற்றவாளி. அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது. புகார் கொடுக்கும் உரிமை அவளுடைய கணவனுக்கு மட்டுமே உண்டு. தன் கணவன் இன்னொரு வீட்டில் போய்த் தங்குகிறான் என்று மனைவி புகார் கொடுக்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அவன் தங்கிய வீட்டுப் பெண் திருமணமாகாதவராகவோ கைம்பெண்ணாகவோ இருந்தால் குற்றம் என்ற பேச்சே எழாது. உங்கள் விஷயத்தில் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்திருக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: எந்த நெடுஞ்சாலையில் இருக்கிறாரோ தெரியாத அந்த லாரி ஓட்டுநர். இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவரே அல்ல.

இந்த ஓரவஞ்சனையைச் சொல்லிப் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போனதுண்டு. 1985இல் சௌமித்ரி விஷ்ணு வழக்கிலும், 1988இல் ரேவதி வழக்கிலும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது. ரேவதி வழக்கில் எழுந்த கேள்வி ஏறத்தாழ உங்கள் கேள்விதான்: மனைவி ஏன் கணவன் மீது வழக்குப் போடக் கூடாது? கணவனும் மனைவி மீது போட முடியாது, மனைவியும் கணவன் மீது போட முடியாது, ஆகவே இருவரும் சமம் என்று நீதிமன்றம் பதில் சொன்னது. 1985 தீர்ப்பை எழுதிய நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட், அதே பிரிவை ரத்து செய்த 2018 அமர்வில் ஒரு நீதிபதியாக இருந்தார். அப்பா சரி என்றதைப் பிள்ளை செல்லாது என்று எழுதினார். நம் குடும்பங்களில் அவ்வளவு எளிதாக நடக்காத காரியம்.

சட்டம் இருந்தபோது மட்டும் யாரை உள்ளே வைத்தார்கள் என்பதையும் உங்கள் அண்ணன் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்து ஆண்டு என்று ஏட்டில் இருந்தாலும், அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்; பிடியாணை இல்லாமல் போலீசார் கைது செய்ய முடியாத குற்றம். கணவன் நேரே குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிட்டு, உடலுறவு நடந்ததைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தன் வீட்டுச் சங்கதியைச் சாட்சிக் கூண்டில் ஏறி ஊரறியச் சொல்ல எத்தனை ஆண்கள் முன்வருவார்கள்? இந்தப் பக்கத்து நீதிமன்றங்களில் 497 என்ற எண் பெரும்பாலும் விவாகரத்துப் பேச்சில் எதிர்த் தரப்பை மிரட்டும் எண்ணாகவே புழங்கியது. சீர் நகை திரும்பியதும், ஜீவனாம்சம் பேசி முடித்ததும், புகாரும் திரும்பப் பெறப்படும்.

நியூயார்க்கைப் பற்றி உறவுக்காரப் பையன் சொன்னது பழைய கதை. அங்கே 1907இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருந்தது. மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். அத்தனை கோடிப் பேர் வாழும் மாநிலத்தில், 1972க்குப் பிறகு அந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர்தான். அவர்களிலும் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே. 2024 நவம்பரில் அதையும் நீக்கிவிட்டார்கள். தென்கொரியாவில் 2015இலும் தைவானில் 2020இலும் அந்தந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றங்களே இத்தகைய சட்டங்களை ரத்து செய்தன. அமெரிக்காவின் வேறு சில மாநிலங்களில் இன்னும் இது ஏட்டில் இருக்கிறது. அங்கேயும் அரசு வழக்கறிஞர்கள் அதைத் தொடுவது அபூர்வம்.

எனவே காவல் நிலையத்தில் உங்களிடம் சொன்னது, திருமணம் கடந்த உறவு என்ற ஒரே புகாரைப் பொறுத்தவரை சட்டப்படி சரி. ஆனால் மனுவுக்கு ரசீது கொடுக்காமல் அனுப்பியிருந்தால் அது சரியில்லை. சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது முறையிட்டீர்கள் என்பதற்குப் பிற்பாடு அதுவே ஆவணம்.

குற்றவியல் சட்டத்தில் மிச்சமிருப்பது என்ன? உங்கள் கணவர் அந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டால் நிலைமை அடியோடு மாறும். முதல் மனைவி இருக்கும்போது மறுமணம் செய்வது இன்றும் குற்றம். நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பிற மாநிலங்களில், சப்தபதி (அக்கினியைச் சுற்றி ஏழு அடி வைப்பது) போன்ற சடங்கு நடக்கவில்லை, அதனால் அது திருமணமே இல்லை என்று தப்பிக்கும் வாதம் அடிக்கடி எழும். தமிழ்நாட்டில் அந்த வாதம் எளிதில் எடுபடாது. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்று அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம்தான். 2001இல் நாகலிங்கம் – சிவகாமி வழக்கில், சப்தபதி நடக்காத இரண்டாம் திருமணத்தையும் இந்தப் பிரிவைக் காட்டியே உச்ச நீதிமன்றம் செல்லத்தக்க திருமணமாகக் கொண்டு, கணவர் குற்றவாளி என்றது. ஆகவே ஏதாவது கோயிலில் மாலை மாற்றிய படமோ, பத்திரிகையோ, சாட்சியோ கிடைத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தப் புகாரை நீதிமன்றத்தில் நீங்களே கொடுக்கலாம்; உங்கள் சார்பில் உங்கள் தந்தை, தாய், உடன்பிறந்தவர்கள், தாய்மாமன் ஆகியோரும் கொடுக்கலாம். அண்ணன் முன்னின்று செய்ய விரும்பினால் சட்டம் அவருக்குத் தந்திருக்கும் வேலை இதுதான். ஆனால் சேர்ந்து வாழ்வது மட்டும் மறுமணம் ஆகாது. நடக்காத கல்யாணத்தை நடந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டாம்.

மணமான பெண்ணைக் கெட்ட நோக்கத்தோடு ஆசை காட்டி அழைத்துச் செல்வது குற்றம் என்னும் பழைய 498ஆம் பிரிவு, 84 என்ற புதிய எண்ணோடு இன்னும் உயிரோடிருக்கிறது. அதிலும் புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவருக்குத்தான். 497 போனபோது இதையும் அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கணவர் செய்யும் கொடுமையைத் தண்டிக்கும் 85ஆம் பிரிவைப் பொறுத்தவரை, வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பது மட்டுமே அந்தக் குற்றமாகிவிடாது என்று பினாகின் ராவல் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடி உதை, வரதட்சணைக் கேட்பு, வீட்டை விட்டுத் துரத்துவது போன்றவை உண்மையிலேயே நடந்திருந்தால் எழுதுங்கள். வழக்குக்குக் கனம் சேர்ப்பதற்காக மாமியாரையும் கொழுந்தனாரையும் சேர்த்து எழுதும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது முதலில் கெடுப்பது உங்கள் உண்மையான புகாரைத்தான்.

இப்போது உங்கள் கைக்குள் இருக்கும் வழிகளுக்கு வருகிறேன். நீங்கள் விவாகரத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, கணவர் வேறொரு பெண்ணோடு வழக்கமாக வேறிடத்தில் வசித்துவந்தால் மனைவி தனித்து வாழ்ந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று எல்லோருக்கும் தெரிந்த ஜீவனாம்சப் பிரிவு இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. ‘வந்து என்னோடு இருந்தால் சோறு போடுகிறேன்’ என்று கணவர் நீதிமன்றத்தில் நல்லவர் வேடம் போட்டாலும், அவர் வேறொரு பெண்ணை வைத்திருக்கிறார் என்பதே நீங்கள் வர மறுப்பதற்கு நியாயமான காரணம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே கூறுகிறது. உத்தரவான தொகையைக் கட்டாவிட்டால், நிலுவையில் உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். உங்கள் அண்ணன் தேடும் சிறை நடைமுறையில் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நிலுவை சேர்ந்தால் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஜீவனாம்ச வழக்கில் நீங்கள் படப்போகும் உண்மையான பாடு கணவரின் வருமானத்தைக் காட்டுவதுதான். ரிக் தொழிலில் அடிக்கணக்கில் வரும் பணம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்விடும். நீதிமன்றத்தில் நிற்கும்போது எல்லோரும் நட்டத்தில் இருப்பார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றும் வகுத்திருக்கிறது. எனவே வீட்டில் கிடக்கும் காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள்: வண்டியின் ஆர்.சி. நகல், பங்குதாரர் ஒப்பந்தம், பைனான்ஸ் தவணை கட்டிய ரசீது, டீசல் பில், வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது. மாதம் இவ்வளவு தவணை கட்டுகிறவர் வருமானமே இல்லை என்று சொன்னால், எந்த நீதிபதியும் அடுத்த கேள்வியைக் கேட்பார். இன்னொன்று: வண்டி வடக்கே இருக்கும்போது சம்மன் அனுப்பினால் ஆள் இல்லை என்று திரும்பி வரும். மழை பிடித்து வண்டிகள் ஊர் திரும்பும் சமயத்தில் சம்மன் சேரும்படி வழக்கறிஞரிடம் சொல்லித் திட்டமிடுங்கள்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், சேர்ந்து குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைக் கேட்கலாம். வீடு கணவரின் பெற்றோர் பெயரில் இருப்பதாலேயே அந்த உரிமை போய்விடாது என்று 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. இது குடியிருக்கும் உரிமை மட்டுமே; சொத்தில் பங்கு என்று எண்ணிவிடக் கூடாது. மனுவை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவே கொடுக்கலாம். நீதிமன்றம் பிறப்பித்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. உங்கள் பிறந்த வீட்டார் போட்ட நகையும் கொடுத்த சீரும் உங்களுக்கே சொந்தம். அவை யார் பீரோவில் இருந்தாலும் கேட்டு வாங்கலாம்.

விவாகரத்தே வேண்டும் என்று முடிவெடுத்தால், இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் திருமணம் கடந்த உறவு தனிக் காரணமாகவே இருக்கிறது. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் போதும். யாரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டில் தங்குவது, வாடகை ஒப்பந்தம், மருத்துவமனைப் பதிவேடு, பணப் பரிமாற்றம் ஆகியவற்றிலிருந்து நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். மண வழக்குகளில் ரகசியமாகப் பதிவான கணவன் மனைவி உரையாடலையும் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் உங்களிடம் அவர் பேசியதைப் பதிவு செய்து வைத்திருப்பது வேறு. யாருக்கோ பணம் கொடுத்து அவருடைய அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுப்பதோ, அவர் செல்போனில் உளவுச் செயலி போடுவதோ வேறு. இரண்டாவதற்கு நான் ஒருபோதும் யோசனை சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டதும் அவர் தரப்பு உங்கள் நடத்தை மீது பழி போடலாம். மனைவி தொடர்ந்து வேறொருவருடன் வாழ்ந்தால் ஜீவனாம்சம் இல்லை என்ற விதி இருப்பதால், கணவர் தரப்பு வழக்கமாகக் கையாளும் ஆயுதம் அது. ஆதாரமில்லாமல் அப்படி எழுதினால் அதுவே கொடுமை என்று நீதிமன்றங்கள் கருதுகின்றன. எனவே அஞ்ச வேண்டாம். ஆனால் அப்படி ஒரு எதிர்மனு வரும் என்று எதிர்பார்த்து இருங்கள்.

அண்ணனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிபாளையத்து வீட்டுக்குப் போவது, அந்தப் பெண்ணை வழிமறித்துப் பேசுவது, படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆகிய ஒவ்வொன்றும் இன்றைய சட்டத்தில் குற்றம். அத்துமீறி நுழைதல், பெண் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று உங்கள் அண்ணன் மீதுதான் வழக்குப் பாயும். உங்கள் கணவர் மீது போட முடியாத எப்.ஐ.ஆர். உங்கள் அண்ணன் மீது ஒரே நாளில் பதிவாகும். பிறகு அந்த வழக்கைத் திரும்பப் பெறுவதற்கு ஈடாக உங்கள் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள்.

கடைசியாக, அந்தப் பத்திர யோசனை. முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி போட்டாலும் திருமணம் முறியாது. உங்கள் சமூகத்தில் அப்படி அத்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் ஒழிய அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. ஆனால் ‘பணம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் கோரமாட்டேன்’ என்று அதில் இருக்கும் வரியை மட்டும் உங்களுக்கு எதிராக எடுத்து நீட்டுவார்கள். உண்மையிலேயே பேசி முடிக்க விரும்பினால், இருவரும் சம்மதித்து நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த சூழலில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பாகியிருக்கிறது. தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், யார் பெயரில் என்பதெல்லாம் நீதிமன்ற உத்தரவில் வர வேண்டும். பிள்ளைகளின் ஜீவனாம்சத்தை நீங்கள் எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. அது அவர்கள் உரிமை. திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் பொறுப்பு அவள் பதினெட்டு வயதைக் கடந்த பிறகும் தந்தையை விடாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். பெண்கள் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். போகும்போது திருமணப் பத்திரிகை, திருமணப் படம், குடும்ப அட்டை, மூவரின் ஆதார் நகல், அந்த சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அதுவரை மாமனார் வீட்டார் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.